பெட்டியின் மேல் ஒரு கோபுரம்

கடைக்குச் சென்று ஒரு மாம்பழம் வாங்குகிறோம். நிறத்தைப் பார்க்கிறோம், மணத்தை முகர்கிறோம், கையிலெடுத்து மெல்ல அழுத்திப் பார்க்கிறோம். பழம் தன் தன்மையைத் தானே அறிவித்துவிடுகிறது. புத்தகமாயின் நான்கு பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். வீடியோ விளையாட்டோ அவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஒரு வட்டத் தகட்டிலோ, கைக்கடக்கமான ஒரு சிறு பேழையிலோ அது அடங்கிக் கிடக்கிறது. உரிய கருவியிலிட்டு இயக்கினாலன்றி, உள்ளே இருப்பது யாது என்று எவராலும் கூற இயலாது. ஆகவே, பெட்டியின் மேல் வரைந்திருக்கும் ஓவியமே அதற்கு முகமாக அமைகிறது. இன்று பெட்டியே இன்றி இணையத்தின் வழியாக விளையாட்டைப் பெறுவோர் பலர். எனினும் அங்கும் ஒரு சிறு படம் முகமாக நின்று நம்மை அழைக்கத்தான் செய்கிறது.

இம்முகத்தை வரையும் ஓவியர்கள் சில வேளைகளில் உலகப் புகழ்பெற்ற கட்டடங்களிடம் சாயலைக் கடன் வாங்குகின்றனர். காரணம் வெளிப்படை. அறியாத பொருளை அறிந்த பொருளின் துணைகொண்டு அறிமுகம் செய்வது மக்கள் இயல்பு. ஒரு கட்டடத்தின் உருவம் நெஞ்சில் முன்னரே பதிந்திருக்குமாயின், அதனைக் கண்டவுடன் அதனோடு சேர்ந்த நினைவுகளெல்லாம் உடன் எழும். அந்நினைவுகளையே விற்பனையாளர் வேண்டுகிறார்.

இத்தகைய ஒப்புமையைக் காணும்பொழுது, 'அதைப் போலவே இருக்கிறதே!' என்று வியந்து நின்றுவிடுவது எளிது. வியப்போடு நில்லாமல் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கட்டடத்திலிருந்து ஓவியர் எதனை எடுத்துக்கொண்டார்? எதனை விட்டுவிட்டார்? எவருடைய கண்ணுக்காக அவ்வாறு செய்தார்? மூன்று பெட்டிகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. ஆதலால் சொல்லால் வரைகின்றேன். நீங்கள் மனத்தால் காணுங்கள்.

முதலாவது பெட்டி 'டெட்ரிஸ்' என்னும் விளையாட்டினுடையது. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்கும் அவ்விளையாட்டை அறியாதார் உங்களுள் அரியர். 1984-ஆம் ஆண்டில், மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் அதனை இயற்றினார். அவர் பயன்படுத்திய 'எலெக்ட்ரோனிகா 60' என்னும் பொறியில் படம் வரையும் வசதியே இல்லை. எழுத்துகளை மட்டுமே அது காட்டும். எனவே அவர் அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றையே கட்டங்களாக அமைத்துக்கொண்டார். அவ்வளவில் பிறந்தது அவ்விளையாட்டு. அதில் கோபுரமும் இல்லை, குவிமாடமும் இல்லை, வண்ணம் என்பதே இல்லை. நான்கு சதுரங்களால் ஆகும் ஏழு வடிவங்களே அதன் முழுச் செல்வம். ரஷ்யாவுக்கே உரியதென்று சுட்டத்தக்க அடையாளம் எதுவும் அவ்வடிவங்களில் கிடையாது.

ஆனால் அவ்விளையாட்டு மேலை நாடுகளுக்குச் சென்றபொழுது அதன் தோற்றம் மாறிற்று. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் என்னும் நிறுவனம் அதனைச் செந்நிறப் பெட்டியில் இட்டு விற்றது. பெட்டியின் மேல், மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நிற்கும் புனித பசில் பேராலயம் தன் பலநிறக் குவிமாடங்களோடு விளங்கிற்று. பெயரை எழுதிய முறையிலும் ஒரு தந்திரம் இருந்தது. ஆங்கில 'ஆர்' எழுத்துக்குப் பதிலாக, அதனைக் கண்ணாடியில் கண்டாற்போன்ற ரஷ்ய எழுத்து ஒன்றைப் பொறித்தனர். ரஷ்ய மொழியில் அவ்வெழுத்துக்கு 'யா' என்பது ஒலி. ரஷ்யர் ஒருவர் அப்பெயரைத் தம் முறைப்படி படிப்பாராயின், 'டெட்ரிஸ்' என்னும் ஒலியே வாராது! அவ்வெழுத்து ரஷ்யருக்காக எழுதப்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ரஷ்ய மொழி அறியாத அமெரிக்கரின் கண்ணில் ரஷ்யச் சாயல் தோன்றவேண்டும் என்பதே நோக்கம். பேராலயமும் அதே வேலைக்காகவே அங்கு நிறுத்தப்பட்டது.

1989-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டு ஒரு பெரும் வழக்குக்குக் காரணமாயிற்று. டெஞ்சன் என்னும் நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கான பதிப்பு ஒன்றை அவ்வாண்டு மே மாதத்தில் வெளியிட்டது. அதன் பெட்டியிலும் அதே பேராலயம். அதே தலைகீழ் எழுத்து. உரிமை தனக்கே உரியது என்று நின்டெண்டோ நிறுவனம் வழக்காடியது. அமெரிக்க நீதிமன்றம் தடை விதிக்கவே, டெஞ்சன் பதிப்பு ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் கடைகளை விட்டு அகன்றது. பின்னர் நின்டெண்டோ தன் பதிப்பை வெளியிட்டது. அதனை இயக்கினால் தலைப்புத் திரையில் தோன்றுவது எது? அதே புனித பசில் பேராலயம்! விளையாட்டின் உரிமைக்காக இரு நிறுவனங்களும் கடுமையாகப் போரிட்டன. ஆனால் இரண்டுமே தத்தம் முகப்பில் நிறுத்திய அக்கட்டடம் இருவருக்கும் சொந்தமானதன்று. அதைப் பற்றி எவரும் வழக்காடவில்லை.

அக்கட்டடத்தின் உண்மை வரலாறு யாது? நான்காம் இவான் என்னும் ரஷ்ய மன்னன், 1552-இல் கசான் நாட்டை வென்றதன் நினைவாக அதனை எடுப்பித்தான். 1555-இல் தொடங்கிய திருப்பணி 1561-இல் நிறைவேறியது. நடுவே ஒரு சிற்றாலயம், அதனைச் சூழ எட்டுச் சிற்றாலயங்கள் என்பது அதன் அமைப்பு. வசீலி என்னும் துறவியின் கல்லறைமீது 1588-இல் மற்றொரு சிற்றாலயம் எழுப்பப்பட்டது. பசில் என்பது அவ்வசீலியின் பெயரே. வெளியிலிருந்து காண்போர், உள்ளே பெரியதொரு மண்டபம் இருக்கும் என்று எண்ணுவர். உள்ளே சென்றாலோ, சிறுசிறு கோயில்களும் அவற்றை இணைக்கும் குறுகிய நடைவழிகளுமே காணப்படும். நம் கண்ணைக் கவரும் வண்ணங்களும் கட்டியநாளில் இருந்தவையல்ல. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரையில் சிறிது சிறிதாகத் தீட்டப்பட்டவை. 1923-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1990-இல், கிரெம்ளின் கோட்டையோடும் செஞ்சதுக்கத்தோடும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இப்பொழுது நம் மூன்று வினாக்களைக் கேட்போம். ஓவியர் எடுத்துக்கொண்டது குவிமாடங்களின் வெளிவடிவம். விட்டுவிட்டது போரின் நினைவு, துறவியின் கல்லறை, குறுகிய நடைவழிகள், நானூறு ஆண்டு வரலாறு. எவருக்காக? ரஷ்யாவை நேரில் காணாதவருக்காக. இங்குக் கட்டடம் ஓர் அஞ்சல் முத்திரையைப் போல வேலை செய்கிறது. பொருள் எவ்வூரிலிருந்து வந்தது என்பதை முத்திரை சொல்லும். அவ்வூரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். டெட்ரிஸ் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் போலவே பேராலயத்தின் சிற்றாலயங்களும் பொருந்தி நிற்கின்றன என்று எவரேனும் அழகாகக் கட்டுரை எழுதலாம். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கும். ஆயினும் அது நாமே பின்னர்க் கற்பித்துக்கொள்ளும் ஒப்புமை. அடைப்புக்குறிகளைக் கொண்டு விளையாட்டை இயற்றியவர், ஐந்து சதுரங்களால் ஆகிய வடிவங்களைப் பொருத்தும் ஒரு புதிரிலிருந்தே தம் கருத்தைப் பெற்றார், பேராலயத்திலிருந்து அன்று. கண்ணுக்குத் தோன்றும் ஒற்றுமையெல்லாம் கருத்தின் தொடர்பாகிவிடாது.

இனி, இரண்டாவது பெட்டி. இங்கு ஒப்புமையின் வழி வேறு, அது நுட்பமானது. 2001-இல் ஜப்பானில் 'ஈக்கோ' என்னும் விளையாட்டு வெளிவந்தது. தலையில் கொம்புகளோடு பிறந்த சிறுவன் ஒருவனை ஊரார் ஒரு பாழ்ங்கோட்டையில் அடைத்துவிடுகின்றனர். அங்குச் சிறைப்பட்டிருக்கும் ஒரு பெண்ணை அவன் காண்கின்றான். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. ஆயினும் அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு அவன் கோட்டையினின்று தப்ப முயல்கின்றான். இதுவே கதை. இதனை ஆக்கிய ஃபுமிட்டோ உவேடா ஓவியக்கலை பயின்றவர். பெட்டியின் மேலிருந்த ஓவியத்தையும் அவரே தீட்டினார்.

அவ்வோவியத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மங்கிய மஞ்சள் ஒளி படர்ந்த வெட்டவெளி. வளைவு வாயில்களையுடைய உயர்ந்த கட்டடங்கள். மாலை வெயிலில் நீள்வன போன்ற நிழல்கள். அப்பேருருவங்களின் அடியில், எறும்புகளைப் போல, கைகோத்து ஓடும் இரு சிறு உருவங்கள். அவ்வளவே.

ஜார்ஜியோ டி கிரிக்கோ என்னும் இத்தாலிய ஓவியரின் 'எல்லையின்மையின் ஏக்கம்' என்னும் பொருள்பட்ட பெயருடைய படமே இதற்குத் தூண்டுதல் என்பதை உவேடாவே கூறியிருக்கின்றார். அப்படம் இப்பொழுது நியூயார்க் நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வானளாவிய ஒரு கோபுரம் தனித்து நிற்கிறது. அதன் உச்சியில் கொடிகள் பறக்கின்றன. அடிவாரத்தில் இரண்டு சிறிய மனித உருவங்கள் தம் நீண்ட நிழல்களோடு நிற்கின்றன. அங்கு நின்ற இருவர் இங்கு ஓடும் இருவராயினர் என்று நாம் எண்ணத் தோன்றுகிறது.

டி கிரிக்கோ அக்கோபுரத்தை எங்குக் கண்டார்? அவர் 1888-இல் கிரேக்க நாட்டில் பிறந்தவர். 1911-இல் டுரின் நகரில் சிறிது காலம் தங்கிச் சென்றவர். அந்நகரின் 'மோலே அந்தோனெல்லியானா' என்னும் உயர்ந்த கட்டடமே அக்கோபுரத்துக்கு முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என்பது கலை ஆராய்ச்சியாளர் கருத்து. அக்கட்டடத்தின் கதையும் விந்தையானது. அலெஸ்ஸாந்திரோ அந்தோனெல்லி என்னும் சிற்பி 1863-இல் அதனை யூதரின் தொழுகைக் கூடமாகத் தொடங்கினார். உயரமும் செலவும் வளர்ந்துகொண்டே போகவே, யூத மக்கள் அதனைக் கைவிட்டனர், நகராட்சி ஏற்றுக்கொண்டது. அது நிறைவேறிய 1889-இல் அந்தோனெல்லி உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். 1953-இல் ஒரு பெரும்புயலில் உச்சி முறிந்து வீழ்ந்தது. பின்னர் மீண்டும் கட்டினர். இன்று 167.5 மீட்டர் உயரத்தில் நிற்கும் அக்கட்டடத்தினுள் 2000-ஆம் ஆண்டு முதல் இத்தாலியத் திரைப்பட அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.

இங்குச் சான்றுகளின் வலிமையை நீங்கள் வேறுபடுத்திக் காணவேண்டும். டெட்ரிஸ் பெட்டியில் இருப்பது புனித பசில் பேராலயம் என்பதற்கு நம் கண்ணே சான்று. ஈக்கோ ஓவியத்துக்கு டி கிரிக்கோ தூண்டுதல் என்பதற்குப் படைத்தவரின் வாக்கே சான்று. டி கிரிக்கோவின் கோபுரம் டுரின் கோபுரமே என்பதோ அறிஞர்களின் ஊகம். கண்டது, கேட்டது, ஊகித்தது என்னும் மூன்றையும் ஒரே தராசில் இடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று.

அவ்வூகம் மெய்யாயின், ஒரு கட்டடம் எத்துணைத் தொலைவு பயணம் செய்திருக்கிறது பாருங்கள்! டுரினில் எழுந்த கோபுரம் ஓர் ஓவியரின் நெஞ்சில் புகுந்து துணியில் தங்கியது. துணியிலிருந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் ஒரு பெட்டியின் மேல் நிழலாக விழுந்தது. வழியில் அது தன் பெயரை இழந்தது, ஊரை இழந்தது, உருவத்தையும் பெரும்பாலும் இழந்தது. எனினும் ஒன்றை மட்டும் இழக்கவில்லை. பேருயரத்தின் முன்னே நிற்கும் மனிதன் தன்னை எத்துணைச் சிறியனாக உணர்கின்றான் என்னும் அந்த உணர்ச்சியே அது. டெட்ரிஸ் பெட்டியில் கட்டடத்தின் உருவம் தங்கியது, உயிர் தங்கவில்லை. ஈக்கோ பெட்டியிலோ உருவம் போய்விட்டது, உயிர் தங்கிவிட்டது.

இவ்வோவியம் அமெரிக்கப் பெட்டிக்குச் செல்லவில்லை. குறித்த நாளுக்குள் அதனை அனுப்ப இயலாமற் போகவே, அங்கு வேறொரு படத்தை அச்சிட்டனர். அதில் சிறுவனின் உருவம் பெரிதாக முன்னிற்கிறது. அமெரிக்காவில் விற்பனை குன்றியதற்கு அப்படமும் ஒரு காரணம் என்று சோனி நிறுவனத்தின் ஜப்பானிய அலுவலர் ஒருவர் பின்னர்க் கருத்துரைத்தார். விற்பனைக் கணக்கை வணிகரிடம் விட்டுவிடுவோம். விளையாட்டு ஒன்றே, உள்ளே ஓர் எழுத்தும் மாறாவிடினும், சிறுவனைப் பெரிதாக வரைந்த அளவில் கதையின் பொருளே மாறிவிடுகிறது. சிறியவனாக இருந்தும் அஞ்சாதவன் என்பது முதற்படம் கூறும் செய்தி. அச்செய்தி இரண்டாம் படத்தில் எங்கே?

மூன்றாவது பெட்டியைப் பற்றிச் சொல்லும்பொழுது மனம் சற்றுத் தயங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் 'ரெட் அலர்ட் 2' என்னும் போர் விளையாட்டு வெளிவந்தது. சோவியத் படைகள் அமெரிக்காமீது படையெடுப்பதாகப் புனைந்த கதை அது. அதன் பெட்டியில் தாக்குதலுக்கு உள்ளாகும் நியூயார்க் நகரத்தைத் தீட்டியிருந்தனர். அந்நகரத்தின் உலக வணிக மையத்து இரட்டைக் கோபுரங்களும் அப்படத்தில் இடம்பெற்றிருந்தன. 1973-இல் திறக்கப்பட்ட அவை ஒவ்வொன்றும் 110 மாடிகள் கொண்டவை. ஓவியர் அவற்றைத் தேர்ந்தது ஏன்? அவை புகழ்பெற்றவை என்பதனாலேயே. பெயரறியாத ஒரு தெருவை அழிவதாக வரைந்தால் எவரும் திடுக்கிடார். எல்லாரும் அறிந்த கட்டடம் அழிவதாக வரைந்தால்தான் நாடே வீழ்வதாகத் தோன்றும். புகழே அக்கட்டடங்களுக்குப் பகையாயிற்று என்று சொல்லலாம்.

மறு ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ந்ததை உலகம் அறியும். அக்கோபுரங்கள் மெய்யாகவே இடிந்து வீழ்ந்தன. அவ்விடத்தில் மட்டும் ஏறத்தாழ 2,750 பேர் உயிரிழந்தனர். அதன்பின் விளையாட்டின் பெட்டிப் படத்தை மாற்றினர். நேற்று வரை கடைத்தட்டில் எவரும் பொருட்படுத்தாது கிடந்த ஒரு படம், ஒரே நாளில் காணவொண்ணாத காட்சியாகிவிட்டது! படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவரின் கண்தான் மாறிவிட்டது. ஓவியர் தீங்கு நினைத்தவரல்லர், வருவதை அறிந்தவருமல்லர். ஆனால் அவர் வரைந்தபொழுது அக்கோபுரங்கள் வெறும் அடையாளங்களாகவே இருந்தன. அவற்றினுள் நாள்தோறும் பல்லாயிரவர் ஏறி இறங்கினர் என்பதைப் படம் மறைத்திருந்தது. அதை மறந்திருந்த வரையில் படம் வேடிக்கையாக இருந்தது. நினைவு வந்தபொழுது வேடிக்கை மறைந்தது. கோபுரங்கள் நின்ற இரு சதுர நிலங்களிலும் இன்று இரு நீர்நிலைகள் அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்து இறந்தோரின் பெயர்களைப் பொறித்துள்ளனர்.

மாணவ நண்பர்களே! மூன்று பெட்டிகளைக் கண்டோம். ஒன்றில் கட்டடம் முத்திரையாகப் பயன்பட்டது. மற்றொன்றில் உணர்ச்சியாக உருமாறியது. பிறிதொன்றில் அழிவின் இலக்காக நின்றது. கடன் வாங்குவது கலையுலகில் குற்றமன்று. கடன் வாங்காத கலைஞன் உலகில் இல்லை. ஆனால் படத்தைக் காணும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. நம்முள் பெரும்பாலோர் உலகத்தின் பெருங்கட்டடங்களை நேரில் காண்பதற்கு முன் படத்திலேயே காண்கிறோம். பலரைப் பொறுத்தவரை படத்தோடு முடிந்தும் விடுகிறது. குவிமாடத்தைக் கண்டு 'இது டெட்ரிஸ் கோயில்' என்று ஒரு சிறுவன் கூறினால் நாம் நகைக்க வேண்டா. அவன் ஒரு வாயிலின் முன் வந்து நிற்கின்றான். அவனை உள்ளே அழைத்துச் செல்வதே நம் கடமை.

அடுத்த முறை ஒரு விளையாட்டுப் பெட்டியோ, திரையில் தோன்றும் சிறு படமோ உங்கள் கண்ணில் படும்பொழுது, ஆடத் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் அதனை உற்று நோக்குங்கள். அங்கே ஒரு கோபுரம் தெரியுமாயின், அது எவ்வூர்க் கோபுரம் என்று கேளுங்கள். அதனை எடுப்பித்தவர் யார், எதற்காக எடுப்பித்தார், அதனுள் வாழ்ந்தவர் யார், தொழுதவர் யார் என்று தேடிப் படியுங்கள். அதன்பின் விளையாடுங்கள். விளையாட்டின் சுவை குன்றாது. பெட்டியின் மேல் நின்ற கோபுரமும் உங்கள் வரையில் வெறும் முத்திரையாக இராது.